இரண்டு டவருக்கு நடுவே ஒரு மோட்டர்

நிஜின் காலையில் எழுந்ததும் கட்டன் சாயா போடுவான். ஒரு தம்ளர். குடித்துவிட்டு அதைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான். பல் தேய்ப்பது அதற்குப் பிறகுதான். முன்பு வரிசை வேறாக இருந்தது. பல் தேய்க்காதவனுக்கு மனைவி ரெஜிலா சாயா தரமாட்டாள். இப்போது கேட்க ஆளில்லை. முற்றத்தைப் பெருக்குவான். கைப்பேசியில் 'மோட்டரண்ணன்' என்று பதிந்திருக்கும் எண்ணை அழைத்து, ஒரு முறை மணி அடித்ததும் துண்டிப்பான். பனச்சமூடு சந்திப்பைத் தாண்டி, தமிழ்நாட்டுக்குள், மாமனாரின் வாழைத்தோட்டத்தில் மோட்டர் ஓடத் தொடங்கும். சத்தம் இங்கே கேட்காது. ஓடுகிறது என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வரும். வாழை நனைந்ததும் அடுத்தடுத்து இரண்டு மிஸ்டு கால் கொடுத்தால் நின்றுவிடும்.

பிறகு அவனுக்கே ஒரு மிஸ்டு கால் வரும். அது மாமனார் ஈசாக். புட்டு வெந்துவிட்டது என்று பொருள். இவன் ஒன்று திருப்பிக் கொடுப்பான். வருகிறேன் என்று பொருள். ஒரு காலத்தில் சந்திப்பின் இந்தப் பக்கம் நின்று பேசினால் ஒரு கட்டணம், நாலு எட்டு வைத்துத் தேநீர்க் கடைக்குப் போனால் வேறு மாநிலத்துக் கட்டணம். அதனால் இந்தப் பக்கத்து ஆட்கள் பேசுவதைவிட மணியடிப்பதில்தான் தேர்ந்தவர்கள். கட்டணம் போய் வருடங்களாகிவிட்டன. பழக்கம் போகவில்லை.

ரெஜிலா இறந்தது போன வருடம் ஆடியில், மழை விட்டு வெயிலடித்த நாட்களில், டெங்குவில். நகரத்து மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. அடக்க ஆராதனைக்கு ஜீவிய சரித்திரம் எழுத ஈசாக் உட்கார்ந்தார். பிறப்பு, ஞானஸ்நானம், படிப்பு, தனுவச்சபுரத்தில் மின்னணுப் பயிற்சி ஆசிரியை வேலை, விவாகம், எல்லாம் எழுதியாயிற்று. கடைசி வரி மிச்சம் இருந்தது. அந்தச் சபையில் யாருடைய ஜீவிய சரித்திரமும் கடைசி வார்த்தை இல்லாமல் முடியாது.

"மக்கா, அவ கடைசியா என்ன சொன்னா?" என்று ஈசாக் கேட்டார். அப்போது ரெஜிலாவின் அருகில் இருந்தவன் நிஜின் மட்டும்தான். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். ஈசாக் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு தாமாகவே எழுதினார். மறுநாள் போதகர் அதை வாசித்தார்: 'என் இயேசுவே, இதோ வருகிறேன் என்று சொல்லிக் கர்த்தருக்குள் நித்திரையானார்.' பெண்கள் அழுதார்கள். நிஜின் மறுக்கவில்லை. கல்லறைக் கல்லிலும் அதுவே ஏறியது.

அவன் வேலை பேடன்ட், அதாவது காப்புரிமை, தேடுவது. நகரத்தில் அலுவலகம், பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்வான். எங்கோ ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிமேல், இது என் கண்டுபிடிப்பு, நீ எடுத்துப் பயன்படுத்துகிறாய் என்று வழக்குப் போடும். வழக்கில் மாட்டிய கம்பெனிக்காக நிஜினைப் போன்றவர்கள், அந்தப் பேடன்டுக்கு மனுக் கொடுத்த தேதிக்கு முன்பே அதே விஷயம் உலகத்தில் எங்காவது வெளியாகியிருக்கிறதா என்று தேடுவார்கள். கட்டுரை, விளம்பரம், காட்சிப்பதிவு, எதுவானாலும் சரி. கிடைத்தால் பேடன்ட் விழும்.

பங்குனியில் ஒரு புதிய வேலை வந்தது. டென்மார்க்கில் ஒரு சிறிய கம்பெனி. தோட்டத்து மோட்டர்களைச் சிம் கார்டு வழியாக இயக்கும் கருவி செய்கிறது. சீனாவில் பொருத்தி அங்கேயே விற்கவும் செய்கிறது. சீனக் கம்பெனி ஒன்று அங்குள்ள நீதிமன்றத்தில் அதன்மேல் வழக்குப் போட்டிருந்தது. தோற்றால் விற்பனையும் நிற்கும், தொழிற்சாலையும் நிற்கும். டென்மார்க்கின் வக்கீல்கள் பெய்ஜிங்கில், அந்தப் பேடன்டையே ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டிருந்தார்கள். சான்று சேர்க்கக் கொஞ்ச நாள்தான் அவகாசம்.

நிஜின் பேடன்டின் முதல் உரிமைக்கோரிக்கையைப் படித்தான். இரண்டு அலைபேசிக் கோபுரங்களின் எல்லையில் நிற்கும் மோட்டர்க் கருவி. கடைசிக் கட்டளை எந்தக் கோபுரம் வழியாக வந்து சேர்ந்ததோ அதையே பிடித்துக்கொள்ளும். மற்றது எவ்வளவு பலமாக அழைத்தாலும் போகாது. இது அடியோடு அற்றுப்போனால் மட்டும் மாறும். மாறும் முன் மோட்டரை நிறுத்திவிட்டு மாறும்.

மனுக் கொடுத்த தேதி 2021 கார்த்திகை. நிஜின் மடிக்கணினியை மூடிவிட்டுப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தான்.

2020 சித்திரையில், ஊரடங்கில், பனச்சமூட்டைச் சுற்றிய கிளைவழிகளில் மண்ணைக் கொட்டி அடைத்திருந்தார்கள். ஈசாக்கின் வீடு கேரளத்தில், வாழை தமிழ்நாட்டில். வெயில் கொளுத்தியது. தோட்டத்தில் மோட்டருக்குச் சிம் போட்ட பெட்டி ஒன்று ஏற்கெனவே இருந்தது; ஆனால் அது இரண்டு மாநிலத்து டவருக்கும் நடுவே நின்று இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும். தாவுகிற நேரம் மிஸ்டு கால் போய்ச் சேராது. ஓடு என்றால் ஓடாது. நில் என்று இரண்டு அடித்தால் ஒன்றுதான் சேரும், மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். முன்பு ஈசாக் மண்வெட்டியோடு நடந்துபோய்ப் பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டுவார். இப்போது தட்டப் போக வழியில்லை.

ரெஜிலா சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு சின்ன மின்சுற்றுப் பலகையில் வேறு நிரல் எழுதி ஏற்றினாள்: கடைசி மிஸ்டு கால் எந்த டவர் வழியாக வந்ததோ அதையே பிடித்துக்கொள். அந்தப் பக்கத்தில் இருந்த ராபின்சன், ரப்பர் வெட்டுகிறவன், மண்மேட்டுக்கு அப்பால் வந்து நின்றான். முகக்கவசம் போட்டுக்கொண்டு ரெஜிலா மேட்டுக்கு மேலாகக் கை நீட்டிப் பலகையைக் கொடுத்தாள். அதைப் பெட்டியில் மாட்டுவது எப்படி என்று அவனுக்குச் சொல்ல வேண்டுமே. ஒரு வீடியோ எடுத்தாள். ராபின்சனின் கைப்பேசியில் இடம் இல்லாததால் அனுப்பினால் இறங்காது. ஆகவே மாணவர்களுக்குப் பாடம் போடும் தன் பக்கத்தில், யாரும் பார்க்கும்படி ஏற்றினாள். அது ஏன் அப்படி வேலை செய்கிறது என்பதையும், வாத்தியார் பழக்கம், முதலிலிருந்து விளக்கியிருந்தாள்.

அந்த வீடியோவை இப்போது யாரும் பார்க்க முடியாது. அடக்கம் முடிந்த வாரம், மோட்டர்ப் பெட்டி வீடியோவுக்கு அடியில் முன்பின் தெரியாதவர்கள் வந்து பூவும் கைகூப்பலுமாக எமோஜி இட்டுக்கொண்டிருந்தார்கள். நிஜின் அவளுடைய கைப்பேசியை எடுத்து, பக்கம் முழுவதையும் பூட்டினான். அன்றுமுதல் திறக்கவில்லை. அவள் குரலையும் கேட்கவில்லை.

தேடுபொறிக்கு அகப்படாத ஒன்றை யாரும் கேட்கப் போவதில்லை. 'தேடினேன், பொருத்தமானது எதுவும் கிடைக்கவில்லை' என்று எழுதினால் போதும். வேலையில் அது தினமும் எழுதுகிற வரி. எழுதினான். அனுப்பும் முன், வழக்கப்படி, பேடன்டின் மற்ற பகுதிகளையும் மொழிபெயர்ப்பில் ஓட்டிப் பார்த்தான். கண்டுபிடித்தவர் இரண்டு மாகாணங்களின் எல்லையில் இருக்கும் ஒரு கிராமத்தைப் பற்றி எழுதியிருந்தார். அங்கேயும் யாரோ நடந்துபோய்ப் பெட்டியைத் தட்டியிருக்கிறார்கள். திருடிய எழுத்தாகத் தெரியவில்லை. அந்த மனிதருக்கும் அது தானாகவே தோன்றியிருக்கலாம்.

அதற்கு அடியில், எல்லாப் பேடன்டிலும் வருகிற வாக்கியம் வந்தது. 'இந்தச் சிக்கலுக்கு இதுவரை யாரும் தீர்வு கண்டதில்லை.'

அதை நிஜின் ஆயிரம் முறையாவது படித்திருப்பான். கண் நிற்காமல் தாண்டிப் போகும். இந்த முறை நின்றது. யாரும் என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எழுதிய வரியை அழித்தான். அலுவலகத்தில் தன் குழுத் தலைவியான ஜோஸ்னாவை அழைத்தான்.

அவள் முழுவதையும் கேட்டாள். "பூட்டி வச்சிருக்குதுன்னா சொல்லுத?"

"ஆமா."

"எப்போந்து?"

"போன வருசந்தொட்டு."

ஜோஸ்னா பெருமூச்சு விட்டாள். "நிஜின், இது உனக்கே தெரியும். பூட்டித் திறந்த வீடியோன்னா எதிர்க்கட்சிக்காரன் விடுவானா? ஆதியிலயே பூட்டித்தான் கெடந்தது, வழக்கு வந்தப்பொறம் தொறந்தானுவோன்னு சொல்லுவான். ஏத்துன தேதி மட்டும் தெரிஞ்சா போதாது, அண்ணைக்கே ஊரு பாத்துதான்னு காட்டணும்."

"கமென்ட் உண்டு. அண்ணத்தத் தேதியில."

"அப்போ தொற. பூட்டுன கதைய நீயா போயி எழுதண்டாம். யாரும் கேக்கப்போறதில்ல."

அவன் அழைப்பைத் துண்டித்தான்.

மறுநாள் காலை மோட்டரண்ணனுக்கு ஒரு மணி, மாமனாரிடமிருந்து ஒரு மணி. ரெஜிலாவின் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனான். ராபின்சனும் வந்திருந்தான், குலை வெட்டுகிற விஷயம் பேச. நிஜின் மேசையில் கைப்பேசியை வைத்து விஷயத்தைச் சொன்னான்.

"சைனாக்காரனுக்கு நம்ம வாழத்தோட்டத்துல என்ன காரியம்?" என்றார் ஈசாக்.

"அவனுக்க பேடன்ட் விழணும்னா நம்ம பெட்டி முன்னாடியே உண்டுன்னு காட்டணும், மாமா."

"எலே ராபின்சா, நீ சைனாவுக்குப் போக வேண்டி வரும் போலிருக்கு."

"எனக்கு பாஸ்போட்டு இல்லியே அண்ணாச்சி. மண்ணு போட்டு அடச்சா களியக்காவிளைக்கே போக முடியாது, சைனாவுக்கா?"

நிஜின் பூட்டைத் திறந்தான். அது ஒரு பொத்தான், அவ்வளவுதான். கைப்பேசியை மாமனார் பக்கம் தள்ளிவிட்டு, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். ஈசாக் ஒலியைக் கூட்டி வைத்தார். அவருக்குக் காது மந்தம். தட்டைக் கழுவியவன் மறுபடியும் கழுவினான். சுவருக்கு இப்பாலும் சொற்கள் கேட்டன: சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர், பெட்டியைத் தொடும் முன் பீஸ் கட்டையைப் பிடுங்கு. பாடம் நடத்துகிற குரல். எதிர்பார்த்ததுபோல் எதுவும் ஆகவில்லை. தட்டு சுத்தமாக இருந்தது. உள்ளே போனான்.

ஈசாக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். ராபின்சன் வீடியோவின் அடியைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தான்.

"இஞ்ச பாருங்க, எனக்க கமென்டு! 'அக்கா பச்ச லைட்டு வரல்ல. செவப்பு மட்டும் ஆக்கும் வருது.'" அதற்குக் கீழே ரெஜிலாவின் பதிலையும் வாசித்தான். "'ஒயர திருப்பிக் குடுத்திருப்ப மக்கா. கண்ணத் தொறந்து வச்சிட்டு மாட்டு.'" அவன் சிரித்தான். "திருப்பித்தான் குடுத்தேன். சத்தியமா. ஊரெல்லாம் பாக்கும்படி மானத்த வாங்கிப் போட்டா."

"ஊரு பாத்திச்சா?" என்றான் நிஜின்.

"பாக்காம? எனக்க மச்சினன் பாத்துட்டு ஒரு மாசம் என்ன பச்ச லைட்டுன்னு விளிச்சான்."

அதற்கும் அடியில் வாளையாற்று எல்லைப் பக்கத்து விவசாயி ஒருவர் மலையாளத்தில் எழுதியிருந்தார். எங்களுக்கும் இதே தொல்லை, நிரலைத் தர முடியுமா என்று. ரெஜிலா கொடுத்திருந்தாள். தேதி 2020 சித்திரை. பூக்களும் கைகூப்பல்களும் அதற்கெல்லாம் மேலே, பிந்திய தேதிகளில் கிடந்தன. நிஜின் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துச் சேமித்தான். அது அவனுக்குத் தெரிந்த வேலை.

சீனாவுக்குப் போகிற சான்றுக்கு இங்கே நோட்டரி முன் சத்தியப் பிரமாணம் வேண்டும். பிறகு தில்லியில் தூதரக முத்திரை. வியாழக்கிழமை மூன்று பேரும் பேருந்தில் நெய்யாற்றின்கரைக்குப் போனார்கள். நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில், ஒரு நகலெடுக்கும் கடையின் மாடியில் வக்கீல் விலாசினியின் அறை. அவர்தான் நோட்டரி. பெய்ஜிங் வக்கீல்கள் அனுப்பிய கேள்விகளும் ஜோஸ்னா தயாரித்த வரைவும் அவர் மேசையில் இருந்தன.

ராபின்சனை முதலில் விசாரித்தார். பெட்டி எங்கே இருக்கிறது, பூட்டு உண்டா, யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா, அது எப்படி வேலை செய்கிறதென்று யாரிடமும் சொல்லக்கூடாது என்றார்களா.

"பெட்டிக்கு மேல ஒரு சாக்கு போட்டிருக்கும். மழைக்கி. சாக்கத் தூக்கிப் பாத்தா பெட்டி."

"சாக்கும் எழுதணுமோ?" என்று விலாசினி தமக்குத்தாமே கேட்டு, எழுதிக்கொண்டார். "யாரிட்டயும் சொல்லாதேன்னு அந்தப் பொண்ணு சொன்னதுண்டா?"

"அவ யாரிட்ட என்ன சொல்லாம இருந்திருக்கா, மேடம்?"

ஈசாக் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

பிறகு நிஜினின் முறை. விலாசினி வரைவை வாசித்துக்கொண்டே வந்தார். வீடியோவை ஏற்றியவர் என் மனைவி. கணக்கு இப்போது என் பொறுப்பில் உள்ளது. மேற்படி வீடியோ ஏற்றிய நாள்முதல் இன்றுவரை தொடர்ந்து பொதுவில் இருந்து வருகிறது.

"அது அப்படி இல்ல," என்றான் நிஜின்.

விலாசினி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஜோஸ்னா எழுதினதல்லோ?"

"எழுதினது. போன வருசம் நான் பூட்டினேன். இப்போதான் தொறந்தேன்."

"இத மாத்தினா சான்று பலம் கொறயும். ஒருவேள எடுக்காமலும் போவாங்க. தெரியுமோ?"

"தெரியும். அதாக்கும் எனக்க வேலை."

"டென்மார்க்குக்காரன் தோத்தா?"

"தோக்கட்டு."

அது கோபமாக வரவில்லை. மழை வந்தால் வரட்டும் என்பதுபோல் வந்தது. ஆனால் சொன்ன பிறகு, தனக்கு வேண்டியது எது என்று நிஜினுக்குத் தெளிவாயிற்று. டென்மார்க் கம்பெனி ஜெயிப்பது அல்ல. அந்தப் பேடன்டில் உள்ள 'யாரும்' என்ற சொல்லுக்கு எதிரே, எங்கோ ஒரு கோப்பில், ரெஜிலா செய்தது செய்தபடி இருக்க வேண்டும். பொய் ஒன்று அதோடு சேர்ந்து இருந்தால், அதைப் பிடுங்கும்போது அவளையும் பிடுங்கி எறிவார்கள்.

விலாசினி அந்த வரியை அடித்தார். "ஏன் பூட்டினீங்க?"

"ஆளுக வந்து பூப் போட்டாங்க."

அவர் அதை எழுதவில்லை. 'தனிப்பட்ட துக்கத்தின் காரணமாக' என்று எழுதினார். நிஜின் தலையசைத்தான்.

"இனி ஒரு கேள்விதான். கருவி சொன்னபடி வேல செய்ததுன்னு காட்டணும். அத உண்டாக்கின ஆளு சொல்லி, கடைசியா எப்போ இயக்கினீங்க?"

"போன வருசம். ஆசுபத்திரியில வச்சு."

ஈசாக் தலை நிமிர்ந்தார்.

அன்று காலை அவனும் ரெஜிலாவும் மருத்துவமனைக்கு அவசரமாகக் கிளம்பியிருந்தார்கள். கிளம்பும் முன் அவள்தான், காய்ச்சலோடு, மோட்டருக்கு ஒரு மணி அடித்திருந்தாள், நிறுத்த மறந்துபோனது. தள்ளுவண்டி தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு முன்னால் நின்றது. உள்ளே யாரோ படுக்கையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்கள். அவள் அவன் கையைத் தட்டிச் சொன்னாள். அவன் கைப்பேசியை எடுத்தான். இரண்டு மிஸ்டு கால். இரண்டும் போய்ச் சேர்ந்தன. 'மோட்டர் நின்றது' என்று குறுஞ்செய்தி வந்தது. காட்டலாம் என்று நிமிர்ந்தபோது தள்ளுவண்டி உள்ளே போயிருந்தது; கதவு ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் குறுஞ்செய்தி இன்னும் அவன் கைப்பேசியில் இருக்கிறது. தேதியோடும் நேரத்தோடும் அதை விலாசினியின் முன் வைத்தான்.

விலாசினி அதைப் பார்த்தார். பிறகு அருகில் இருந்த பெரியவரைப் பார்த்தார். "ஆசுபத்திரியில வச்சுன்னா... அது எப்போ?"

"உள்ளே கொண்டுபோறதுக்கு முன்ன. பெறகு அவ பேசேல்ல."

ராபின்சன் எழுந்து சன்னல் பக்கம் போனான். ஈசாக்கின் கை மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது. அவர் மருமகனைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்போ நான் எழுதினது?"

"நான் ஒண்ணும் சொல்லேல்ல, மாமா. நீங்க எழுதினீங்க."

கீழே கடையில் நகலெடுக்கும் இயந்திரம் ஓடி நின்றது. "கல்லுல வெட்டியாச்சு," என்றார் ஈசாக். பிறகு, "செரி. அது அங்ஙன கெடக்கட்டு. இஞ்ச உள்ளதச் சொல்லு மக்கா. சத்தியமாக்கும் இது."

விலாசினி பேனாவைத் திறந்தார். "அவங்க சொன்னத சொன்னபடி சொல்லுங்க. மொழிபெயர்க்கிறது அவங்க பாடு. ஒரு சொல்லும் கூட்டண்டாம், கொறக்கண்டாம்."

நிஜின் சொன்னான்.

"மோட்டரு ஓடிட்டு கெடக்கு. ரெண்டு மிஸ்டு கால் குடு. வாழைக்கு இண்ணைக்கு அவ்வளவு வெள்ளம் போதும், கேட்டியா."